பழைய பித்தளைக் குமிழில் ஏறிய எனாமல்: பெயிண்ட் ரிமூவர் வாங்கலாமா, சலவைச் சோடா போதுமா?

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். கதவிலிருந்து கழற்ற முடிகிற பித்தளைச் சாமான் என்றால் மளிகைக்கடைச் சலவைச் சோடாவே போதும். கழற்ற முடியாத சாமானுக்கும், சோடாவுக்கு அசையாத சில புதுவகைப் பெயிண்டுக்கும் மட்டும் ஹார்டுவேர் கடை பெயிண்ட் ரிமூவர். உப்புத்தாள், இரும்புக் கம்பி பிரஷ், பஃபிங் சக்கரம் மூன்றும் பழைய பித்தளைக்கு வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு பொருளும் பெயிண்டை எவ்வளவு வேகமாக எடுக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் தப்பான பொருளைத்தான் வாங்குவோம். பெயிண்டுக்குக் கீழே இருக்கும் பித்தளையின் மேல்தோலை அது என்ன செய்கிறது என்பதையே இங்கே முதல் அளவுகோலாக வைத்திருக்கிறோம்.

பழைய வீட்டுக் கதவுகளில் குமிழ், வளையம், நாதாங்கி, கொண்டி, தாழ்ப்பாள், கீல் எல்லாமே வார்ப்புப் பித்தளையாக இருக்கும். பொங்கலுக்குப் பொங்கல் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அவற்றைக் கழற்றி வைக்கிற பொறுமை யாருக்கும் இருந்ததில்லை. மரத்தோடு சேர்த்துப் பித்தளைக்கும் ஒரு கோட் விழுந்துவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு கொண்டியை எடுத்து ஓரத்தைக் கீறிப் பாருங்கள். மேலே காப்பிக்கொட்டை நிறம், அதன்கீழ் பச்சை, அதற்கும் கீழே செம்மண் நிறம் என்று அடுக்கடுக்காக வரும். அந்த அடுக்கு ஒரு மில்லிமீட்டர் தடித்திருந்தால்கூடப் பயப்பட வேண்டியதில்லை. பித்தளைக்கு அது போர்வையாகத்தான் இருந்திருக்கிறது. உள்ளே இருக்கும் இலை வேலைப்பாடு பெரும்பாலும் தேயாமல் பத்திரமாக இருக்கும்.

வாங்கும் முன், வேலை தொடங்கும் முன்

காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டால் உடனே பித்தளை என்று முடிவு கட்டிவிடக் கூடாது, ஏனென்றால் துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே முலாம் போட்ட சாமானிலும் காந்தம் ஒட்டாது. பின்பக்கம், திருகாணி ஓட்டை ஓரத்தில் கத்தி முனையால் லேசாகக் கீறுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தால் துத்தநாகம். துத்தநாகச் சாமானைச் சூடான சோடா நீரில் போட்டால் முலாம் பொரிந்து சாமானே பாழாகும்.

அடுத்தது காரீயம் (லெட்) என்ற விஷ உலோகம். வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, சிவப்பில், காரீயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். உலர்ந்த பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும், தரையில் படியும், தவழும் குழந்தையின் கையில் ஒட்டும். பித்தளைக்குக் கீறல் விழும் என்பது இதற்கு அடுத்த காரணம்தான். பெயிண்டை எப்போதும் ஈரமாகவே எடுக்க வேண்டும். சோடா முறையை நாங்கள் முதலிடத்தில் வைப்பதற்கு இது பெரிய காரணம்: பெயிண்ட் நீருக்குள்ளேயே உரிகிறது, தூசிக்கு வழியே இல்லை.

கழற்றும்போது அவசரப்பட்டால் எல்லாம் கெடும். திருகாணித் தலையின் பள்ளம் பெயிண்டால் அடைபட்டிருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் முனை நழுவித் தலை சிதைந்துவிடும், பக்கத்தில் தகட்டிலும் கோடு விழும். உடைந்த ஹேக்சா பிளேடின் துண்டு ஒன்றை எடுத்து, பள்ளத்தில் ஒரே திசையில் இழுத்து, அடியில் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டுங்கள். டிரைவரின் முனை பள்ளத்தின் நீளத்துக்கும் தடிமனுக்கும் சரியாகப் பொருந்த வேண்டும், குறுகலான முனை வேண்டாம். அப்படியும் அசையாத திருகாணியின் தலைமேல் சூடான சால்டரிங் அயர்னை ஒன்றிரண்டு நிமிடம் வைத்தெடுங்கள். சூட்டில் விரிந்து ஆறும்போது மரத்தோடு இருந்த பிடி விட்டுவிடும். முதலில் வலப்பக்கம் இம்மியளவு இறுக்கி, பிறகு இடப்பக்கம் கழற்றுங்கள். தகட்டைச் சுற்றிப் பெயிண்ட் மரத்தோடு ஒட்டியிருக்கும் விளிம்பைக் கத்தியால் கீறிவிட்ட பிறகே தகட்டை எடுங்கள், இல்லையென்றால் மரத்துச் சிராய் பிய்ந்து வரும். கழற்றிய திருகாணிகளை ஓர் அட்டையில் சாமானின் படம் வரைந்து அதே இடத்தில் குத்தி வைப்பது நல்லது. பழைய திருகாணிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

சலவைச் சோடா

இது சோடியம் கார்பனேட். ஆப்ப சோடாவும் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. நீர் சூடேறச் சூடேறத்தான் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சலவைச் சோடாவாக மாறுகிறது. ஒரு லிட்டர் ரிமூவர் டப்பாவின் விலைக்குச் சலவைச் சோடா பல கிலோ வரும்.

அளவு: ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு குவித்த மேசைக்கரண்டி, ஏறக்குறைய 40 கிராம். பாத்திரம் எவர்சில்வராகவோ இரும்பாகவோ இருக்கட்டும். அலுமினியம் கூடவே கூடாது. சோடா அலுமினியத்தை அரித்து நுரைத்துப் பொங்கும், ஹைட்ரஜன் வாயு வரும். எடுத்துக்கொண்ட பாத்திரம் இனிமேல் சமையலுக்கு ஆகாது, காரீயம் கலந்த நீர் அது. அடுப்பையும் வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரத்தின் அடியில் பழைய பருத்தித் துணியை மடித்துப் போட்டு அதன்மேல் சாமானை வைத்தால் கொதியில் குதித்து மோதாது. நீர் சாமானுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்க வேண்டும். தீ சிறியதாக இருக்கட்டும். அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் எழ வேண்டும், தளதளவென்று கொதிக்கத் தேவையில்லை. முக்கால் மணி நேரம் கழித்து இடுக்கியால் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு கோட் என்றால் அதற்குள்ளேயே விளிம்பில் சுருக்கம் விழுந்திருக்கும். ஆறேழு கோட் இருந்தால் மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். அல்லது ஒரு மணி நேரம் சூடாக்கி, அடுப்பை அணைத்து மூடி, இரவு முழுக்க ஊறவிட்டுக் காலையில் மறுபடி சூடாக்குங்கள்.

சரியாக வெந்த குமிழை எடுத்துப் பார்த்தால் பெயிண்ட் கரைந்திருக்காது. மொத்த அடுக்கும் ஆறிய பாலின் ஆடையைப் போலச் சுருங்கி, பித்தளையை விட்டு எழும்பி நிற்கும். மூங்கில் சிம்பு ஒன்றை விளிம்பில் செருகித் தள்ளினால் வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி ஒரே இழுப்பில் வரும். தோலின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் இலை நரம்புகூட அச்சாகப் பதிந்திருக்கும்.

இது எப்படி நடக்கிறது? பழைய எனாமல் எண்ணெய் சார்ந்தது. சோடாவின் காரத்தன்மை அந்த எண்ணெயைச் சோப்பாக்குகிறது, அதனால் படலம் பித்தளையைப் பிடித்திருக்கும் பிடி போகிறது. கூடவே, சூட்டில் பித்தளையும் பெயிண்டும் ஒரே அளவில் விரிவதில்லை, இடையில் விரிசல் விழுகிறது. சூடு இல்லாமல் வெறும் சோடா நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டுவிட்டு வேலைக்காகவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் விட்டுவிடுவது இந்தச் சூட்டைத்தான்.

சூடு ஆறுவதற்குள் தேய்ப்பதுதான் முக்கியம். ஆறினால் மிச்சப் பெயிண்ட் மறுபடி இறுகும். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தடித்த ரப்பர் கையுறையோடு, பழைய பல் துலக்கும் பிரஷ், தேங்காய் நார், மூங்கில் சிம்பு இவற்றால் வேலைப்பாட்டின் பள்ளங்களைச் சுத்தம் செய்யுங்கள். மிகவும் பிடிவாதமான இடத்துக்குப் பித்தளைக் கம்பி பிரஷ் பரவாயில்லை. இரும்பு நார் வேண்டாம். அது கீறுவதோடு, நுண்ணிய இரும்புத் துணுக்குகளைப் பள்ளங்களில் விட்டுவிட்டுப் போகும், அவை பிறகு துருப்புள்ளிகளாக வெளியே தெரியும். முடிந்ததும் வெந்நீரில் இரண்டு முறை அலசி, உடனே துணியால் ஒற்றி, வெயிலில் வையுங்கள். ஈரம் தானாகக் காயும்படி விட்டால் வெள்ளைத் திட்டு நிற்கும்.

வெளியே வரும் பித்தளை மங்கலான பழுப்பாக இருக்கும். சோடா கெடுத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், அது பித்தளையின் சொந்த வயதுதான். சோடா மெருகைக் கூட்டாது, பெயிண்டை மட்டும் எடுத்து நிறுத்திக்கொள்ளும். நாங்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

குறைகளும் உண்டு. பூட்டுக்குள் இரும்பு வில் (ஸ்பிரிங்) இருந்தால் பிரித்த பிறகே போட வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால் துரு பிடிக்கும். கதவிலிருந்து கழற்ற முடியாத சாமானுக்குச் சோடாத் துணி சுற்றிப் பார்க்கும் யோசனை நல்லதல்ல, காரம் பட்ட இடத்தில் தேக்கு கறுத்துவிடும். வெள்ளையடித்தபோது தெறித்த சுண்ணாம்புத் திட்டும் சோடாவில் போகாது. வினிகர் தோய்த்த துணியால் ஒரு நிமிடம் ஒற்றிக் கழுவினால் போகும். நான்கு மணி நேரம் சூட்டில் இருந்தும் சுருக்கமே விழவில்லை என்றால் அது பாலியூரித்தேனோ எப்பாக்ஸியோ பவுடர் கோட்டிங்கோ ஆக இருக்கலாம். அப்போதுதான் ரிமூவர் டப்பாவைத் திறக்க வேண்டும்.

பெயிண்ட் ரிமூவர்

ஹார்டுவேர் கடையில் ரிமூவர் என்று கேட்டால் பெரும்பாலும் கூழ் மாதிரியான ஒன்று கிடைக்கும். லேபிளில் மெத்திலீன் குளோரைடு அல்லது டைகுளோரோமீத்தேன் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேலையைப் பொறுத்தவரை இதை அடிக்க ஆளில்லை. தடவிய பதினைந்து இருபது நிமிடத்தில் எனாமல் பொங்கிச் சுருண்டு எழும், எப்பாக்ஸிகூட இளகும். பித்தளையை அது நேரடியாக அரிப்பதுமில்லை. அமிலமோ அம்மோனியாவோ சேர்த்து வேகம் கூட்டிய ரகங்களும் உண்டு. அவற்றைப் பழைய பித்தளையில் தொட வேண்டாம், கறை விழும்.

ஆனால் இந்த வேகத்துக்குக் கொடுக்கும் விலை உடம்பு. மூச்சோடு போகும் மெத்திலீன் குளோரைடை உடல் கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. இதயக்கோளாறு உள்ளவர்களுக்கு அது நேரடி ஆபத்து. ஆவி காற்றைவிடக் கனமானது, அதனால் குளியலறை, கிணற்றடிப் பள்ளம் போன்ற இடங்களில் தரையோடு தேங்கி நிற்கும். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கான இந்த ரக ரிமூவர்களை 2019-லேயே தடை செய்துவிட்டார்கள். கரி வடிகட்டி மாஸ்க் இதைப் பிடித்து நிறுத்தாது. மொட்டைமாடியோ திறந்த முற்றமோ மட்டுமே இடம். சாதாரண ரப்பர் கையுறையையும் நைட்ரைல் கையுறையையும் இது சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். கையில் குளிர்ச்சி தெரிந்தால் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் அடுப்போ பீடி நெருப்போ இருந்தால் ஆவி சிதைந்து பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும்.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு எச்சரிக்கை. இந்தத் திரவம் 40 டிகிரியிலேயே கொதித்துவிடும். மே மாதம் வண்டிப் பெட்டியில் கிடந்த டப்பாவை அப்படியே திறந்தால் முகத்தில் பீறிடும். நிழலில் ஆறவைத்து, மூடிமேல் துணி போர்த்தி, மெதுவாகத் திறக்க வேண்டும். அதே காரணத்தால் நண்பகலில் தடவினால் பெயிண்டில் இறங்கும் முன்பே ஆவியாகிப் போகும். காலை எட்டு மணிக்குள் முடிக்கிற வேலை இது.

தடவும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். பெயிண்ட் அடிப்பதுபோல் முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. கூழில் மெழுகு கலந்திருக்கிறது, அது மேலே படலமாக எழுந்து ஆவியை அடக்கிவைக்கும். பிரஷை மறுபடி ஓட்டினால் அந்தப் படலம் கிழிந்துவிடும். ஒரே திசையில், இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனாக அப்பி, பாலித்தீன் தாளால் மூடி, இருபது நிமிடம் கைவைக்காமல் விடுங்கள். சுற்றியுள்ள மரத்தில் படாமலிருக்க மாஸ்கிங் டேப் மட்டும் போதாது, அதன் பசையையே இது கரைத்துவிடும். சமையலறை அலுமினியத் தாளைத் தகட்டின் வடிவத்துக்கு வெட்டி அடியில் செருகுங்கள். இளகிய பெயிண்டை மூங்கில் சிம்பால் வழித்து ஒரு டப்பாவில் சேர்த்துவிட்டு, மிச்சத்தை டர்பெண்டைன் துணியால் இரண்டு முறை துடையுங்கள். இந்தக் கடைசித் துடைப்பை விட்டால் மெழுகு அப்படியே தங்கிவிடும், மேலே அடிக்கும் வார்னிஷ் திட்டுத்திட்டாக உரியும்.

மொத்தத்தில், நிலைக்கதவில் பின்னால் அடித்து மடக்கிய ஆணியோடு நிற்கும் குமிழ்களுக்கு இது தேவை. மேசைமேல் கிடக்கும் இருபது கீல்களுக்கு இதை வாங்குவது வீண்செலவு, வீண் ஆபத்து.

மற்றவை

தின்னர் பழைய எனாமலைக் கொஞ்சம் பிசுபிசுக்க வைப்பதோடு நின்றுவிடும். எண்ணெய்ப்பிசுக்கு துடைக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம், தீ பற்றும் பொருள் என்பதை மறக்காமல். காஸ்டிக் சோடா பெயிண்டை நொடியில் தின்னும், ஆனால் பித்தளையில் உள்ள துத்தநாகத்தையும் தாக்கும், கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வையே போகலாம். வீட்டில் வேண்டாம். ஹீட் கன் பெயிண்டை இளக்கும் முன் பித்தளை அந்தச் சூட்டை உறிஞ்சி அடியிலுள்ள மரத்தைக் கருக்கும், காரீயப் பெயிண்ட் அதிகம் சூடானால் புகையே விஷம்.

பாலிஷ் பட்டறையில் கொடுத்தால் ஒரே மணி நேரத்தில் பொன்போலத் திரும்பி வரும் என்பது உண்மைதான். பஃபிங் சக்கரம் பெயிண்டோடு சேர்த்து உலோகத்தையும் எடுக்கிறது. முதலில் போவது விளிம்புகளும் இலை நரம்புகளும். நூறு வருடம் கைபட்டு வழவழத்த கொண்டியும் நேற்று வார்த்த கொண்டியும் பட்டறையிலிருந்து ஒரே மாதிரி வெளிவருவதைப் பார்க்க மனம் வலிக்கும். போன தோல் திரும்பி வராது.

பெயிண்ட் போன பிறகு: புளி, பீதாம்பரி, பிராஸோ

பழுப்பு அப்படியே இருக்கட்டும் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். கொஞ்சம் வெளிச்சம் வேண்டும் என்றால், புளியும் பீதாம்பரிப் பொடியும் புளிப்பால் வேலை செய்பவை. ஒரு நிமிடம் தடவிக் கழுவினால் குத்துவிளக்குக்கு அழகு. ஊறப்போட்டால் புளிப்பு துத்தநாகத்தைக் கரைத்துச் செம்பை மட்டும் விட்டுவைக்கும், மஞ்சள் இளஞ்சிவப்பாகிவிடும். புளிக்கரைசலில் இரும்புத் திருகாணியைச் சேர்த்துப் போட்டால் கரைந்த செம்பு பித்தளைமேலேயே படிந்து இன்னும் சிவக்கும். பீதாம்பரியில் நறநறக்கும் துகளும் உண்டு, நுண்ணிய வேலைப்பாட்டில் அழுத்தித் தேய்க்காதீர்கள்.

பிராஸோ என்ற பாலிஷ் திரவம் மென்மையாகத் தேய்க்கும், எழுந்து நிற்கும் பாகங்களை மட்டும் மினுக்கிப் பள்ளங்களைக் கறுப்பாக விட இதுவே நல்லது. துணியை விரலில் இறுகச் சுற்றி மேடுகளை மட்டும் துடையுங்கள். பள்ளத்தில் இறங்கினால் காய்ந்து வெள்ளைத் தூளாக நிற்கும், அதை டர்பெண்டைன் தோய்த்த பிரஷால்தான் எடுக்க வேண்டும். இதில் அம்மோனியா உண்டு என்பதால் துடைத்தெடுக்காமல் விடக் கூடாது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் தாமாகவே வெடிப்பு விட்டன. லாயத்து அம்மோனியாவும் ஈரமும் உலோகத்தில் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-ல் விளக்கினார்கள். வார்ப்புச் சாமானைவிட, தகட்டை அழுத்தி வடித்த குமிழ்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

காவலுக்குத் தேன்மெழுகு போதும். ஒரு பங்கு மெழுகைத் துருவி மூன்று பங்கு டர்பெண்டைனில் போட்டு மூடிவையுங்கள், நெருப்பே இல்லாமல் ஓரிரு நாளில் கரைந்து களிம்பாகும். மெல்லிதாகப் பூசி, பத்து நிமிடம் கழித்து மென்துணியால் தேய்த்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது உலராமல் தூசியைப் பிடித்து வைக்கும்.

சோடா நீரைச் செடிக்கோ சாக்கடைக்கோ ஊற்றாதீர்கள். ஒரு நாள் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, அடியில் தங்கிய பெயிண்ட் தோலை உலர்த்தி இரட்டை பிளாஸ்டிக் பையில் கட்டி, அபாயக் கழிவு என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். மேல்நீரையும் அகலமான தட்டில் வெயிலில் வற்றவிட்டு அந்தக் கட்டோடு சேர்த்துவிடலாம். தட்டைக் குழந்தைகளுக்கும் நாய் பூனைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

திரும்பப் பொருத்தும்போது பித்தளைத் திருகாணியை நேரே தேக்கில் இறக்கினால் பாதியில் தலை முறிந்துவிடும். அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் இறக்கிப் புரி வெட்டிக் கழற்றிவிட்டு, பித்தளைத் திருகாணியின் புரியில் அந்தத் தேன்மெழுகைத் தொட்டுக் கையாலேயே இறக்குங்கள். மெஷின் டிரைவர் வேண்டாம். கடைசிச் சுற்றில் எல்லாத் தலைகளின் பள்ளமும் செங்குத்தாக நிற்கும்படி நிறுத்தினால், அடுத்த முறை பள்ளத்தில் சேரும் தூசி தானாகக் கீழே இறங்கும்.